நிற்கிற வண்டிக்கும் பேட்டரி தேயும்: மின்சார ஸ்கூட்டரின் நீண்டகாலக் கணக்கு

திருமங்கலத்தில் இருக்கும் என் சித்தப்பா பணி ஓய்வு பெற்ற கையோடு ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினார். காலையில் காய்கறிக் கடை, மாலையில் கோயில். நாளுக்கு நாலைந்து கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டி போனதில்லை. மூன்று வருஷத்தில் மீட்டரில் ஐயாயிரம்கூட நிறையவில்லை. மகளின் பிரசவத்துக்காகச் சித்தியும் அவரும் பெங்களூரு போய் மூன்று மாதம் தங்கிவிட்டு வந்தார்கள். கிளம்பும்போது வண்டியில் பத்து சதவீதம் சார்ஜ் இருந்திருக்கிறது. திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் திரை விழிக்கவில்லை. சார்ஜரை மாட்டினால் சிவப்பு விளக்கு மட்டும் விட்டுவிட்டு மினுங்கியது. சர்வீஸ் சென்டரில் ஒருவாரம் வைத்துப் பார்த்துவிட்டு, பேட்டரி அடியோடு வடிந்து செத்துவிட்டது, இது வாரண்டியில் வராது என்று எழுதிக் கொடுத்தார்கள். புது பேட்டரிக்கு 68,000 ரூபாய்.

அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி சித்தப்பா என்னிடம் கேட்டார்: "நான் ஓட்டவே இல்லையேடா. ஓட்டாத வண்டி எப்படிடா தேயும்?"

மின்சார வண்டி வாங்க நினைக்கும் எல்லோரும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. பெட்ரோல் வண்டியில் நாம் பழகிய கணக்கு, ஓடினால் செலவு, நின்றால் மிச்சம். மின்சார வண்டியில் அது தலைகீழாகிறது. இதில் எரிபொருள் மலிவு, எரிபொருளைச் சுமக்கும் பாத்திரம்தான் விலை உயர்ந்தது. அந்தப் பாத்திரம் ஓடினாலும் தேயும், நின்றாலும் தேயும்.

லித்தியம் அயான் செல்லுக்கு இரண்டு வகையான முதுமை உண்டு. ஒன்று, சார்ஜ் ஏறி இறங்குவதால் வருவது. மற்றது, நாள் கடப்பதால் வருவது. செல்லுக்குள் இருக்கும் கிராஃபைட் மின்முனையின்மேல் ஒரு மெல்லிய படலம் மெதுவாக வளர்ந்துகொண்டே இருக்கும். வேலை செய்ய வேண்டிய லித்தியத்தின் ஒரு பகுதி அதில் சிக்கி வீணாகிவிடும். வெயிலில் நின்றால் இந்தப் படலம் வேகமாக வளரும். நூறு சதவீத சார்ஜோடு வெயிலில் நின்றால் இன்னும் வேகம். போதாததற்கு, வண்டியை அணைத்துவைத்தாலும் பேட்டரியைக் கண்காணிக்கும் சின்ன மின்சுற்று விழித்தே இருக்கிறது. அது சொட்டுச் சொட்டாகக் குடித்துக் குடித்துத்தான் சித்தப்பாவின் வண்டியைக் கொன்றது. ஐம்பது, அறுபது சதவீதத்தில் விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை சார்ஜ் போடச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துப் போயிருந்தால் பேட்டரி பிழைத்திருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம்.

நான் திருநகரிலிருந்து மாட்டுத்தாவணிப் பக்கம் வேலைக்குப் போய் வருகிறேன். போக வர ஏறக்குறைய 30 கிலோமீட்டர், மாதம் 25 நாள். ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டர். பழைய பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுத்தது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 200 லிட்டர், 20,000 ரூபாய்.

மின்சாரச் செலவை ஷோரூமில் "கிலோமீட்டருக்கு 20 பைசாதான் சார்" என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அது பிடிபடவில்லை. ஒரு ராத்திரி வீட்டில் ஃப்ரிட்ஜ் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, டார்ச் அடித்து ஈபி மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு சார்ஜ் போட்டேன். பேட்டரி 3.4 கிலோவாட் மணி, அதாவது 3.4 யூனிட். ஃப்ரிட்ஜுக்குக் கழித்ததுபோக மீட்டரில் ஓடியது 3.8 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. சார்ஜர் சூடாவதிலும் பேட்டரிக்குள் ஏறும்போதும் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. அந்தச் சார்ஜில் நகர நெரிசலில் 95 கிலோமீட்டர் ஓடியது. நூறு கிலோமீட்டருக்கு 4 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு 60 யூனிட்.

இந்த 60 யூனிட் வீட்டுக் கணக்கில் எந்தப் படியில் போய் உட்காருகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த பாதி விலைச் சலுகையும் சேர்ந்து போய்விடும். எங்கள் வீட்டில் 460 ஓடிக்கொண்டிருந்தது. வண்டி வந்ததும் 520 ஆனது. 2024-ஆம் ஆண்டுக் கட்டணப்படி அந்த 60 யூனிட்டுக்காக நான் கூடுதலாகக் கட்டியது ஏறக்குறைய 670 ரூபாய். யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க்கு மேல். 20 பைசா என்று சொன்னது 45 பைசாவாக வந்து நின்றது. இருந்தாலும் ஆண்டுக்கு 4,000 ரூபாய்தான். பெட்ரோலோடு ஒப்பிட்டால் 16,000 ரூபாய் மிச்சம். ஏசி ஓடும் வீட்டுக்காரர்களுக்கும், 300 யூனிட்டுக்குள் அடங்கும் வீட்டுக்காரர்களுக்கும் இந்த எண் வேறுவேறாக வரும். ஆகவே உங்கள் ஈபி அட்டையைப் பார்க்காமல் மற்றவர் சொன்ன கணக்கை நம்ப வேண்டாம்.

இனி பேட்டரி. இன்றைய நிலவரத்தில் பெரிய நிறுவனங்களின் பேட்டரிக்குச் சொல்லப்படும் விலை, கொள்ளளவில் யூனிட் ஒன்றுக்கு 20,000 ரூபாயை ஒட்டி இருக்கிறது. உலகச் சந்தையில் பேட்டரித் தொகுப்பின் சராசரி விலை 2024-இல் கிலோவாட் மணிக்கு 115 டாலருக்கு இறங்கிவிட்டது. நம் பணத்தில் பத்தாயிரத்துக்கும் கீழே. ஆனால் அந்த இறக்கம் சர்வீஸ் சென்டர் கவுன்டருக்கு இன்னும் வந்து சேரவில்லை. வண்டியாக வாங்கும்போது ஜிஎஸ்டி 5 சதவீதம், அதே பேட்டரியை மாற்றுப் பாகமாகத் தனியே வாங்கினால் 18 சதவீதம் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

என் பேட்டரிக்கு 70,000 ரூபாய் என்றும், எட்டு வருஷம் உழைக்கும் என்றும் வைத்துப் பார்த்தேன். ஆயிரம் முழுச் சார்ஜ் தாங்கினாலே 90,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். என் ஓட்டத்துக்கு அதற்குள் வயசு முந்திக்கொள்ளும். எட்டு வருஷத்தில் 72,000 கிலோமீட்டர், அதாவது கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் பேட்டரித் தேய்மானம். மின்சாரத்தையும் சேர்த்தால் 1 ரூபாய் 45 பைசா. பெட்ரோலுக்கு 2 ரூபாய் 20 பைசா ஆகிறது. எனக்கு லாபம்தான், ஆனால் விளம்பரம் சொல்லும் அளவு லாபம் இல்லை.

சித்தப்பாவைப்போல ஓட்டுகிறவர்கள் ஆண்டுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டரைக்கூடத் தாண்ட மாட்டார்கள். தாராளமாக 3,000 என்றே வைப்போம். எட்டு வருஷத்தில் 24,000 கிலோமீட்டர். பேட்டரித் தேய்மானம் மட்டுமே கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்க்குப் பக்கத்தில் வந்துவிடும், பெட்ரோலைவிட அதிகம். வண்டி விலையில் உள்ள வித்தியாசத்தையும் பராமரிப்பில் மிச்சமாவதையும் சேர்த்து நான் போட்டுப் பார்த்ததில், நாளுக்கு 20 கிலோமீட்டர் என்பதுதான் கோடு. அதற்கு மேல் ஓட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு மின்சார வண்டிக்குப் போகலாம். அதற்குக் கீழே ஓட்டுகிறவர் சத்தம் இல்லை, புகை இல்லை, பங்க்கில் வரிசை இல்லை என்பதற்காக வாங்கலாம். அவை நல்ல காரணங்கள்தான். பணம் மிச்சம் என்று மட்டும் நினைத்து வாங்கக் கூடாது. இது ஜாக்கிரதையான கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொள்ளளவு 70 சதவீதத்துக்கு இறங்கிய பேட்டரியும் ஓடத்தான் செய்யும், எல்லோரும் எட்டாவது வருஷம் புதிது வாங்கியே தீர வேண்டும் என்றில்லை.

எதைப் பார்த்து வாங்குவது

முதலில் தூரம். விளம்பரத்தில் நூறு என்று போட்டிருந்தால் சாலையில் 70, 75 எதிர்பார்க்கலாம். பின்னால் ஆள் உட்கார்ந்தால் இன்னும் குறையும். ஆறேழு வருஷம் கழித்துப் பேட்டரி தேய்ந்தபின் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே உங்கள் அன்றாட ஓட்டம், வண்டியின் உண்மையான தூரத்தில் பாதியைத் தாண்டாதபடி பேட்டரியைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் முப்பதுக்கும் எண்பதுக்கும் நடுவிலேயே வைத்து ஓட்ட முடியும். லித்தியம் செல்லுக்குப் பிடித்த இடம் அது. மலைப்பக்கம் போகிறவர்கள் தனியாகக் கணக்குப் போட வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறுவது சுமார் 1,800 மீட்டர் உயரம். இரண்டு பேரும் வண்டியுமாக 250 கிலோவை அவ்வளவு தூக்க மட்டுமே ஒன்றேகால் யூனிட் வேண்டும். மோட்டார் விரயம், காற்று, டயர் உராய்வு எல்லாம் அதற்கு மேல். சின்ன பேட்டரி பாதி மலையில் மூச்சு வாங்கும், மோட்டார் சூடாகி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

செல் எந்த வகை என்று கேளுங்கள். நிக்கல் கலந்த செல் எடை குறைவு, தூரம் அதிகம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் எடை கூடுதல், ஆனால் அதிகமுறை சார்ஜ் தாங்கும், சூட்டையும் பொறுத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கு எனக்கு இரண்டாவதுதான் மனசுக்குச் சரி. ஒரே குறிப்பு, அந்த வகையை மட்டும் அவ்வப்போது நூறு சதவீதம் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் திரையில் காட்டும் சதவீதம் பிசகத் தொடங்கும்.

லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம் என்று விற்கிற 25 கிலோமீட்டர் வேக வண்டிகளில் இன்னும் ஈய அமில பேட்டரி வருகிறது. சட்டப்படி 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட வண்டிகளுக்குத்தான் அந்த விலக்கு. விலை குறைவு என்று வாங்கினால் ஒன்றரை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாலைந்து பேட்டரிகளை மொத்தமாக மாற்ற வேண்டியிருக்கும். பார்க்க மலிவு, போகப்போகச் செலவு.

மானியத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். 2021-இல் பேட்டரி யூனிட்டுக்கு 15,000 ரூபாய் கொடுத்த மத்திய அரசு, 2023 ஜூனில் அதை 10,000 ஆக்கியது, 2024-இல் 5,000, 2025 ஏப்ரலில் 2,500. மானியம் போனபின் வண்டி தன் காலில் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் ராணிப்பேட்டையிலும் மின்சார வண்டிகள் தயாராகின்றன. நாட்டிலேயே இந்த வண்டிகள் அதிகம் உருவாகும் மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. அப்படியிருந்தும் தென்மாவட்டத்துச் சின்ன ஊர்களில் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் என்ற ஒரு பாகத்துக்காக மூன்று வாரம் காத்திருப்பவர்கள் உண்டு. 2024 அக்டோபரில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியபோது, தேசிய உதவி எண்ணில் அதன்மேல் பதிவான புகார்கள் பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தன. எங்கள் தெரு முனையில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் என் வண்டியைக் காட்டினேன். "அண்ணே, பெட்ரோல் வண்டின்னா சத்தத்தைக் கேட்டே சொல்லிருவேன். இது லேப்டாப் மாட்டினாத்தான் வாயத் திறக்கும். அந்த லேப்டாப் கம்பெனிக்காரன்கிட்டதான் இருக்கு" என்றார். பேட்டரி, கன்ட்ரோலர், திரை மூன்றும் ஒன்றோடொன்று அடையாளம் பார்த்துப் பேசிக்கொள்ளும் அமைப்பு. வெளியே செய்த பேட்டரியைப் போட்டால் பல வண்டிகள் ஏற்காது. நிறுவனம் கடையைச் சாத்திவிட்டால் வண்டி அநாதை. ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலை அதே நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் வாசலில் அரைமணி நேரம் நின்று, வெளியே வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். விற்பனையாளர் சொல்லாததெல்லாம் அங்கே கிடைக்கும்.

கையைக் கடிக்கிற சின்னச் செலவுகள்

ஆயில் இல்லை, பிளக் இல்லை, ஏர் ஃபில்டர் இல்லை, கிளட்ச் இல்லை. உண்மைதான். அதற்காகப் பராமரிப்பே இல்லை என்பது பொய். பேட்டரி கனத்தாலும், கைப்பிடியைத் திருகியதும் பாயும் இழுவிசையாலும் பின் டயர் சீக்கிரம் தேய்கிறது. சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் வண்டியில் பின் டயரை மாற்ற மோட்டாரோடு சேர்த்துக் கழற்ற வேண்டும். அதற்குள் போகும் தடித்த ஒயர்களைக் கண்டதும் சாலையோரப் பஞ்சர் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடுகிறார். டியூப்லெஸ் டயர் என்பதால் ஆணி குத்தினால் வெளியிலிருந்தே அடைத்துவிடலாம், அது ஒரு ஆறுதல். மோட்டார் நடுவில் இருந்து பெல்ட் வழியே சக்கரம் சுற்றும் வண்டியில் டயர் மாற்றுவது எளிது, பதிலுக்கு அந்த பெல்ட்டுக்கு ஒரு ஆயுசும் ஒரு விலையும் உண்டு. பிரேக் பேட், கோன்செட், முன் ஃபோர்க் ஆயில் சீல், சக்கர பேரிங் எல்லாம் பெட்ரோல் வண்டிக்கு வருவதுபோலவே வரும். ஹாரனுக்கும் விளக்குக்கும் பல வண்டிகளில் தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கும். மூன்று நான்கு வருஷத்தில் அது போகும்போது பெரிய பேட்டரியே போய்விட்டது என்று பயந்துபோகிறார்கள். எனக்கு இதெல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 2,000 ரூபாய்க்குள் முடிகிறது. பழைய வண்டிக்கு 4,000 ஆகும்.

ஆப் வசதிகளுக்கு முதல் சில வருஷம் இலவசம், அப்புறம் ஆண்டுச் சந்தா. எது நிற்கும், எது நிற்காது என்று எழுத்தில் கேளுங்கள். சார்ஜர் வண்டி விலையில் அடக்கமா என்பதையும்தான். அதைத் தனியே விற்று மானியத்துக்கான விலை வரம்புக்குள் வந்த நிறுவனங்கள் 2023-இல் சார்ஜருக்கு வாங்கிய பணத்தை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது.

வீட்டு ஒயரிங்கைக் கணக்கில் சேர்க்காதவர்கள் அதிகம். நானும் முதலில் ஹாலில் இருந்த 5 ஆம்ப் பாயிண்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி போட்டுத்தான் சார்ஜ் செய்தேன். இரண்டாவது மாதம் பிளக்கைப் பிடுங்கும்போது விரல் சுட்டது. பார்த்தால் பிளக்கின் ஒரு கால் பழுப்பேறி, பெட்டியின் ஓட்டை இளகிக் கோணியிருந்தது. மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெயினிலிருந்து தனி ஒயர், 16 ஆம்ப் சாக்கெட், சரியான எர்த், மின்சாரம் மிஞ்சினால் தானே அணையும் ஒரு தனி எம்சிபி சுவிட்ச் போட்டேன். மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. அந்தப் பணத்தில் கை வைக்காதீர்கள். 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி அப்பாவும் மகளும் இறந்துபோனதை மறக்க முடியவில்லை. அந்தக் கோடையில் அடுத்தடுத்து நடந்த விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரி பாதுகாப்பு விதிகள் இறுகின. 2022 டிசம்பரில் ஒரு கட்டமும், ஒரு செல்லின் சூடு மற்ற செல்களுக்குப் பரவுவதைச் சோதிக்கும் இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31-லும் நடைமுறைக்கு வந்தன. பழைய வண்டி வாங்குகிறவர்கள் அந்தத் தேதிக்குப் பின் தயாரானதா என்று ஆர்சி புத்தகத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. படுக்கை அறையிலும், வாசலை அடைத்துக்கொண்டும், மாடிப்படிக்கு அடியிலும் ராத்திரி சார்ஜ் போடாதீர்கள்.

வாரண்டியில் "எட்டு வருஷம்" என்ற பெரிய எழுத்துக்குக் கீழே உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். 80,000 கிலோமீட்டர் வரம்பு, எது முந்துகிறதோ அது. கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருகிறார்களா, அல்லது பேட்டரி முழுக்கச் செத்தால்தானா? அந்தச் சதவீதத்தை அளப்பது யார், அளந்த சீட்டை நம் கையில் கொடுப்பார்களா? ஒரு சர்வீஸ் தவறினால் என்ன ஆகும்? வண்டியை விற்றால் அடுத்தவருக்கு மாறுமா? வெள்ளத்தில் முழுகியதற்கும் சித்தப்பாவுக்கு நேர்ந்ததற்கும் பெரும்பாலும் வாரண்டி கிடையாது. 2023 டிசம்பரில் முதலில் சென்னையிலும் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் தெருவில் நின்ற வண்டிகள் ஹேண்டில்பார் வரை தண்ணீரில் நின்றன. அதற்கு வழி முழு இன்சூரன்ஸ்தான். அதிலும் பேட்டரிக்கு ஐம்பது சதவீதம் தேய்மானம் கழிப்பது வழக்கம் என்பதால், தேய்மானம் கழிக்காத கூடுதல் பாலிசியை முதல் ஐந்து வருஷமாவது எடுத்துவைப்பது நல்லது. கட்டாய மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மின்சார வண்டிக்குக் கொஞ்சம் குறைவு. 3 முதல் 7 கிலோவாட் மோட்டாருக்கு ஆண்டுக்கு 607 ரூபாய், 110, 125 சிசி பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 714.

மறுவிற்பனையில் மின்சார வண்டிக்கு அடிதான். ஐந்து வருஷ பெட்ரோல் ஸ்கூட்டரை வாங்க ஆள் வரிசையில் நிற்பார்கள். மின்சார வண்டியை வாங்க வருகிறவர் முதலில் பேட்டரியைத்தான் கேட்கிறார், கேட்டுவிட்டுப் பாதி விலைக்குப் பேசுகிறார். ஒவ்வொரு சர்வீஸின்போதும் பேட்டரி நிலவரச் சீட்டை வாங்கி ஃபைல் போட்டு வைத்திருந்தால் அங்கே பேச ஒரு பிடி இருக்கும்.

நான் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று போட்ட பேட்டரிக் கணக்கைக் காகிதத்தில் மட்டும் விட்டுவைக்கவில்லை. மாதம் 750 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், அதனால் மாதம் 750 ரூபாய் தபால் நிலைய ஆர்டியில் போய்க்கொண்டிருக்கிறது. ஐந்து வருஷத்தில் 6.7 சதவீத வட்டியோடு 53,000 ரூபாய்க்கு மேல் சேரும். பழைய வண்டிக்கு மாதாமாதம் பங்க்கில் கொடுத்துக்கொண்டிருந்த 1,670 ரூபாயிலிருந்துதான் அது போகிறது. போன மாதம் சித்தப்பாவையும் தபால் நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஒரு கணக்குத் தொடங்கினோம். புது பேட்டரி போட்ட வண்டியில்தான் போனோம்.